எதைத் தொட்டாலும் ஒரு உபயம்

எங்கள் ஊர் சிவன் கோயிலில் ஒரு டியூப் லைட் உண்டு. உபயம் என்று தொடங்கி பெயர், தகப்பனார் பெயர், கடை விலாசம் வரை சிவப்புப் பெயின்டில் எழுதியிருப்பதால் பாதி வெளிச்சம்தான் வெளியே வரும். பழைய ஜோக்தான், நானும் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். நியூ ஜெர்சியில் ஒரு எபிஸ்கோபல் சர்ச்சின் புதுப்பிப்பு வேலைக்கு ப்ராஜெக்ட் மேனேஜராகப் போய் இரண்டு வருடம் மாட்டிக்கொண்ட பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கிவிட்டது.

எபிஸ்கோபல் என்றால் யார் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்கா சுதந்திரம் வாங்கியதும் இங்கிருந்த ஆங்கிலிக்கன்களால், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களால், இங்கிலாந்து ராஜாவைத் திருச்சபையின் தலைவராக ஏற்க முடியாமல் போயிற்று, அதனால் 1789இல் தனியாக ஒழுங்கு செய்துகொண்ட சபை. ஆங்கிலிக்கன் கூட்டமைப்பில் நம்ம ஊர் சி.எஸ்.ஐ.யும் இருப்பதால் ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 1976இலேயே பெண்கள் குருவாகலாம் என்று முடிவெடுத்தவர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ரெக்டர், அதாவது தலைமைக் குரு, ஒரு பெண்மணி. முதல் நாள் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "மேடம்" என்றேன், இரண்டு வருடமும் அதுவே நிலைத்துவிட்டது.

வளாகம் என்றால் கல்லால் கட்டிய பழைய சர்ச், 1950களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் குவிந்த காலத்தில் ஒட்டுப்போட்ட பாரிஷ் ஹால், ஒரு ஆபீஸ், ஒரு மழலையர் பள்ளி. வேலை என்று பார்த்தால் கூரை, வயரிங், கழிப்பறை, சமையலறை, சக்கர நாற்காலிக்கு ராம்ப், லிஃப்ட். மாற்றுத் திறனாளிகளுக்கான 1990ஆம் வருட அமெரிக்கச் சட்டம் மத அமைப்புகளுக்கு விலக்குத் தந்திருக்கிறது. அதைக் காட்டி ராம்பை வெட்டிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பெரிய அளவில் புதுப்பித்தால் கட்டட விதிகள் எப்படியும் பிடிக்கும் என்று நான் விளக்குவதற்குள், வாக்கரோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார். பேச்சு அதோடு முடிந்தது.

நான் அதுவரை ஆபீஸ், கிளினிக் என்று பார்த்தவன். அங்கே முடிவெடுப்பவர் ஒருவர் இருப்பார். இங்கே வெஸ்ட்ரி என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு பேர், அதற்கு மேல் ரெக்டர், கடன் வாங்க அடமானம் வைப்பதென்றால் பிஷப்பும் மறைமாவட்டக் குழுவும் சம்மதிக்க வேண்டும். 1979இல் போட்ட ஒரு விதிப்படி சொத்தே திருச்சபைக்கும் மறைமாவட்டத்துக்குமான டிரஸ்ட் சொத்து, ஊர்ச் சபை அதை வைத்துப் பராமரிக்கிறது, அவ்வளவுதான். கட்டடத்துக்குப் பொறுப்பு வழக்கமாக ஜூனியர் வார்டன். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். சுவரில் விரிசலைப் பார்த்தால் டார்ச் அடித்து, தலையைச் சாய்த்து, "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்பார். நானும் பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

ஆனால் நிஜமான உரிமையாளர்கள் இவர்கள் யாருமில்லை. அது எனக்குப் புரிந்தது பித்தளைத் தகடுகளைப் பார்த்த பிறகுதான். பெஞ்சு, ஜன்னல், மெழுகுவர்த்தித் தண்டு, பாட்டுப் புத்தக அலமாரி, குடை வைக்கும் தொட்டி என்று எதைத் தொட்டாலும் ஒரு சின்னத் தகடு. தேவ மகிமைக்கென்றும் இன்னாரின் அன்பு நினைவாகவும் கொடுக்கப்பட்டது என்று ஒரே வாசகம், பெயரும் வருடமும் மட்டும் மாறும். வரைபடத்தில் நான் "நீக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம் நின்றது. சக்கர நாற்காலிக்கு இடம்விட நான்கு பெஞ்சுகளை எடுக்க வேண்டும், அதற்கு மட்டும் ஏழு போன், மூன்று கடிதம், ஃப்ளோரிடாவில் இருந்த ஒரு பேரனோடு ஒரு வீடியோ கால். பேரனுக்கு அந்த பெஞ்சு இருப்பதே தெரியாது. தெரிந்ததும் எடுக்கக் கூடாது என்றார்.

என் பங்குக்கு நானும் ஒரு தப்பு செய்தேன். பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட என்று பெண்கள் கையால் ஊசித்தையல் போட்ட மெத்தைகள், முப்பது இருக்கும், கூரை ஒழுகி நனைந்து பூஞ்சை பிடித்துக் கிடந்தன. நாற்றம் தாங்காமல் குப்பை டம்ப்ஸ்டரில் போடச் சொல்லிவிட்டேன். மதியம் ஆல்ட்டர் கில்டைச் சேர்ந்த ஒரு அம்மா வந்தார். பலிபீடத் துணி, பாத்திரம், பூ எல்லாம் பார்த்துக்கொள்ளும் குழு அது. எண்பது வயது இருக்கும். டம்ப்ஸ்டர் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ஏறி எடு" என்றார். ஏறினேன். ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, அவர் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். காடாத்துணியில் மார்க்கரால் எழுதிய இரண்டு எழுத்து, தைத்தவரின் இனிஷியல். ஒன்றை மடியில் வைத்து விரலால் ஓட்டிப் பார்த்தார், அது ஒரு மீன், வால் பக்கம் நீலம் தீர்ந்துபோய் பச்சை நூலில் முடிந்திருந்தது. "இது இருக்கட்டும்." அடுத்ததை ஒரு வினாடி பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி எறிந்தார். "இதை உள்ளேயே போடு. அவள் தையல் எப்பவுமே மோசம். நாற்பது வருடமா சொல்ல முடியாம இருந்தேன்."

நான் மன்னிப்பு கேட்க வாயெடுக்கவே இல்லை, சிரிப்பு வந்துவிட்டது. பதினொன்று மீண்டன.

சர்ச்சுக்குள் வேலை நடந்த எட்டு மாதமும் வழிபாடு பாரிஷ் ஹாலில்தான். பலிபீடம், சிலுவை, ஞானஸ்நானத் தொட்டி எல்லாம் அங்கே போயின. கும்பாபிஷேகத்துக்கு முன் பாலாலயம் செய்து மூர்த்தியைச் சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்வார்களே, கிட்டத்தட்ட அதுதான் என்று ரெக்டரிடம் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய் அந்த ஞாயிறே பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார், உச்சரிப்புதான் "பலாலியம்" ஆகிவிட்டது. ஆர்கன் வாசிப்பவர் மட்டும் ஹாலுக்கு வர மனசில்லாமல், குழாய்களுக்குள் தூசி போகக் கூடாது என்று நாங்கள் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட்டின் டேப்பை தினமும் காலையில் வந்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார்.

பலிபீடத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க இருபது நிமிடம்தான் ஆயிற்று. சமையலறைக்கு நாலு மீட்டிங். ஆராதனை முடிந்ததும் காபி, தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பான்கேக் விருந்து, சாவு வீட்டுச் சாப்பாடு எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. ஓட்டல் அடுப்பு வேண்டும் என்றார்கள். அந்த அடுப்பு வந்தால் மேலே புகைபோக்கி, அதற்குள் தீயணைப்பு ஏற்பாடு என்று செலவு அடுப்பைவிடப் பெரிதாகும் என்று கணக்குக் காட்டினேன். "அப்போ பான்கேக்?" என்று ஒருவர் கேட்டபோது அறையில் நிஜமாகவே துக்கம் பரவியது. கடைசியில் வீட்டு அடுப்பு இரண்டு வாங்கினோம்.

ஹாலின் அடித்தளத்தில் சாயங்காலம் ஆனால் ஏ.ஏ. கூட்டம், குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் உட்கார்ந்து பேசுவது. ஏ.ஏ. 1935இல் உருவானபோது நியூயார்க்கில் சாமுவேல் ஷூமேக்கர் என்ற எபிஸ்கோபல் குருவின் தாக்கம் அதில் பெரிது, இந்த உறவு அப்போதிருந்தே வருகிறது. ஞாயிறு கூட்டத்தைவிட வாரம் முழுக்க இந்தக் கட்டடத்தை அதிகம் பயன்படுத்துபவர்கள் இவர்கள்தான், ஆனால் வரைபடக் கூட்டம் எதற்கும் யாரும் இவர்களைக் கூப்பிடவில்லை, நான் உட்பட. ஜனவரியில் பாய்லரை நிறுத்த வேண்டிவந்தது. மூன்று நாள் ஹீட்டர் இருக்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "காபி மெஷினுக்கு ப்ளக் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்கள். போகும்போது, பின்கதவு மழைக்காலத்தில் உப்பிப் பிடித்துக்கொள்ளும், அதையும் பார் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். என் லிஸ்டில் அது இல்லை.

கன்டின்ஜென்சி என்று பத்து சதவீதம் ஒதுக்கியிருந்தோம். எதிர்பாராத செலவுக்கு. ஹால் தரைவிரிப்பைக் கிழித்தால் அடியில் ஒன்பது அங்குலச் சதுர டைல்கள். அந்த அளவைப் பார்த்ததுமே வயிறு கலங்கியது, அந்தக் காலத்து ஒன்பது அங்குல டைல் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதனையில் டைலிலும் இருந்தது, ஒட்டிய கறுப்புப் பசையிலும் இருந்தது. உரிமம் பெற்ற ஆட்கள், மூடிய அறை, தனி வேன். பாதி போயிற்று. மணிக்கூண்டு கூரையோடு சேரும் மூலையில் தகரம் அரித்திருந்ததில் மீதியும் போயிற்று. அன்றைய வெஸ்ட்ரி கூட்டம் ராத்திரி பத்தரை மணிக்குத்தான் முடிந்தது. பல் டாக்டர் வாயே திறக்கவில்லை.

திரும்ப உள்ளே போன முதல் ஞாயிறு நான் பின்னால் நின்று பார்த்தேன். தரை புதிது, விளக்கு புதிது. ஆனால் ஆட்கள் அவரவர் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தார்கள். எடுத்த நான்கு பெஞ்சுகளின் தகடுகளை வாசல் கூடத்தில் ஒரு பலகையில் பதித்திருந்தோம், ஃப்ளோரிடா பேரன் அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து மழைநாளில் ஜூனியர் வார்டனிடமிருந்து போன். மணிக்கூண்டு மூலை மறுபடியும் ஒழுகுகிறது. ஓடினேன். சரியாக அதே இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, சொட்டுச் சொட்டாக நிறைந்துகொண்டிருந்தது. அதில் லேபிள் மெஷினில் அடித்து நேர்த்தியாக ஒட்டியிருந்தார்: "தேவ மகிமைக்கென்றும், எங்கள் கன்டின்ஜென்சி நிதியின் அன்பு நினைவாகவும்."