தகரக் கூரைக்குக் கீழே: புதுச்சேரி, நவம்பர் 2024

நவம்பர் 3, ஞாயிறு

எங்களுடையது இம்ப்ரோவ் குழு: எழுதி வைத்த வசனம் இல்லாமல், மேடையிலேயே காட்சியை உருவாக்கிச் சிரிக்கவைக்கிற ஆட்டம். தீபாவளிப் பலகாரம் இன்னும் எல்லோர் உடம்பிலும் உட்கார்ந்திருக்கிறது. ஒத்திகை உதறலில் தொடங்கியது: வலது கை எட்டு, இடது கை எட்டு, வலது கால், இடது கால். அப்புறம் நான்கு, இரண்டு, ஒன்று. எண்ணைக் கத்திச் சொல்லணும். முனகினால் பலன் இல்லை. மூச்சு வாங்கினால்தான் தலைக்குள் ஓடும் ஆபீஸ் நிற்கும்.

பிறகு கண்ணை மூடி, வட்டமாக நின்று, ஒன்று முதல் இருபது வரை. யார் வேண்டுமானாலும் அடுத்த எண்ணைச் சொல்லலாம். இருவர் சேர்ந்து சொல்லிவிட்டால் திரும்ப ஒன்று. ஏழிலேயே உடைந்துகொண்டிருந்தது. நிசப்தம் வந்ததும் அதை நிரப்பத் துடிக்கிற ஆள் எப்போதும் இரண்டு பேர். மூச்சு ஒன்றானதும் சட்டென்று இருபது வந்தது. முடித்து வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டினார்கள்.

நவம்பர் 5

எடிட், அதாவது காட்சியை வெட்டி முடிப்பது, லேட். எல்லாக் காட்சியிலும் லேட்.

நவம்பர் 6, புதன்

ஒரு காட்சி பெரிய சிரிப்பைத் தொட்டதும், ஓரத்தில் நிற்கிறவர் மேடையின் முன்விளிம்பில் குறுக்கே ஓட வேண்டும். ஓடினால் காட்சி தீர்ந்தது, அடுத்தது தொடங்கும். நடந்து போனால் ஏதோ பாத்திரம் உள்ளே வருகிறது என்று ஆடுகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஓட்டம்தான் அடையாளம்.

எங்கள் ஆட்கள் இன்னொரு ஜோக் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். பெரிய சிரிப்புக்கு அடுத்த வரிக்குப் பாதிச் சிரிப்பு. அதற்கடுத்ததற்கு இருமல். சிரிப்பு ஏறும்போதே கால் கிளம்பணும். இறங்க ஆரம்பித்த பிறகு ஓடினால் செத்த காட்சியை மூடுகிற வேலைதான்.

உள்ளே ஆடுகிறவருக்கு உச்சம் தெரியாது, அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருப்பார். வெளியே நிற்கிற நாலு பேர் கையில்தான் அவர் உயிர். ஆனால் பெரியவர் பேசும்போது குறுக்கே போகாதே என்று வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கடலூர் சார்தான் குழுவில் மூத்தவர், அவர் காட்சியை மட்டும் யாரும் வெட்டுவதில்லை. நாலு நிமிஷம் ஓடுகிறது. இன்று அவரே பாதியில் கத்தினார்: “வெட்டித் தொலைங்கப்பா, மூச்சு முட்டுது!”

நவம்பர் 8

முதல் மூன்று வரிக்குள் யார், எங்கே, இருவருக்கும் என்ன உறவு என்பது வந்துவிட வேண்டும். நமக்கு அதில் பாதி வேலை விளிப்பிலேயே முடிந்துவிடும். “வாங்க மாப்ளே, உக்காருங்க” என்றால் மாமனார் வீடு. “வாடா மாப்ளே” என்றால் டீக்கடை. இதைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு “நீங்க யாரு?” என்று கேட்கிறார்கள்? கேள்வி கேட்கிறவர் சுமையை எதிராளி தலையில் இறக்கிவிட்டுக் கை வீசி நிற்கிறார். கேள்வியைச் செய்தியாகத் திருப்பணும். “எங்க போயிட்டு வர்ற?” வேண்டாம். “மறுபடியும் ஈரச் சட்டையோட கடல்லேருந்து வர்ற.” இப்போது எதிராளிக்குப் பிடித்துக்கொள்ள மூன்று விஷயம் இருக்கிறது.

இன்னொரு குழி, கடைக்காரர்–வாடிக்கையாளர் காட்சி. பேரம் தொடங்கினால் யாராவது ஒருவர் மறுத்துக்கொண்டே இருக்க வேண்டும், காட்சி நகராது. தப்ப வழி: கேட்ட விலைக்கு உடனே கொடுத்துவிடுவது. “சரி, எடுத்துக்கோ. ஆனா அம்மாகிட்ட நான்தான் வித்தேன்னு சொல்லாதே.”

நவம்பர் 10, ஞாயிறு

மழை. தகரத்தின் கீழ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீபோர்டு தம்பி போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பேச்சில்லாமல் ஆடினோம். அதுவும் தேவைதான், எங்கள் கைவேலை மோசம். டம்ளரைப் பிடித்தால் விரல்கள் மூடிக்கொள்கின்றன, டம்ளருக்கு இடமே இல்லை. விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வட்டம் வேண்டும். காபி ஆற்றும்போது மேலே போகிற கை லேசாகி, கீழே இருக்கிற கை கனக்கணும். குடித்ததை எங்கேயாவது வைக்கணும். வைத்த இடம் அதற்குப் பிறகு எல்லோருக்கும் மேசை. அக்கா அந்த மேசை வழியாகவே நடந்து போனார். ஜனங்கள் ஜோக்கை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

நவம்பர் 13, புதன்

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நினைவு நாள். 1922-ல் இந்த ஊரில்தான் காலமானார், சமாதி கருவடிக்குப்பத்தில். ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி வேஷக்காரர் ஒரு ஊரிலிருந்து, நாரதர் வேஷக்காரர் வேறு ஊரிலிருந்து வந்து, சேர்ந்து ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையிலேயே சந்திப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், இருவரும் மேடையில் வாதாடுகிற தர்க்கத்தில் என்ன வரும் என்று தெரியாது. சிகாகோவில் வயோலா ஸ்போலினின் நடிப்பு விளையாட்டுகளை வைத்து 1959-ல் செகண்ட் சிட்டி என்ற இம்ப்ரோவ் அரங்கு ஆரம்பித்ததைப் பற்றி நாங்கள் வாய் ஓயாமல் பேசுகிறோம். நம் பபூன்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே பிழைப்பு நடத்திவிட்டார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தர்க்கத்தில் எதிராளியை மடக்கினால் கைதட்டல். எங்கள் ஆட்டத்தில் மடக்கினால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம்.

கட்டியங்காரன் யோசனை நல்லது. தெருக்கூத்தில் ராஜா வந்ததும் நீ யார், எந்த ஊர் என்று கேட்டு, கதையையும் உள்ளூர்ச் சமாசாரத்தையும் முடிச்சுப் போடுவாரே, அவரைப்போலத் தொகுப்பாளர். தொகுப்பாளர் மட்டும் கேள்வி கேட்கலாம். இதைக் கடலூர் சாருக்குக் கொடுக்கணும்.

நவம்பர் 15

அகர வரிசை ஆட்டம். ஒருவருக்கு ஒரு வரி, அ-வில் தொடங்கி ஔ வரை பன்னிரண்டு வரி. பத்து வரி பறக்கிறது. ஔ வந்ததும் எந்தக் காட்சியாக இருந்தாலும் ஔவையார் வந்துவிடுகிறார். ஆஸ்பத்திரி, பேருந்து, நிலா, எல்லா இடத்திலும் ஔவையார்.

நவம்பர் 17, ஞாயிறு

ஹெரால்டு என்ற நீண்ட இம்ப்ரோவ் ஆட்டத்தை முழுதாக ஓட்டினோம். 1967-ல் சான்பிரான்சிஸ்கோவில் இம்ப்ரோவ் ஆசான் டெல் குளோஸ் இருந்த குழு ஆடத் தொடங்கிய வடிவம். கூட்டத்திடம் ஒரு சொல் வாங்கி, எல்லோரும் சேர்ந்து அதிலிருந்து யோசனைகளைக் கிளப்பித் திறப்பது. பிறகு மூன்று தனிக் காட்சிகள், ஒரு கூட்டு ஆட்டம். அதே மூன்று இரண்டாம் சுற்று, இன்னொரு கூட்டு ஆட்டம். மூன்றாம் சுற்றில் எல்லாம் ஒன்றோடொன்று இடிக்கணும். அரை மணி நேரத்துக்குள்.

தகராறு எப்போதும் இரண்டாம் சுற்றில். முதல் சுற்றில் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைக் குழந்தை மாதிரி தூங்கவைத்தார். இரண்டாம் சுற்றில் ஆட்கள் “அடுத்து என்ன ஆச்சு” என்று கதையைத் தொடர்ந்தார்கள். கதை வேண்டாம். விசித்திரத்தை மட்டும் எடுத்து வேறு இடத்தில் ஏற்றணும்: அதே ஆள் மின்துறை ஆபீசில், டிரான்ஸ்பார்மருக்குத் தாலாட்டு. அவரைச் சுற்றி ஒருவராவது சாதாரண மனுஷராக நின்று திகைக்க வேண்டும். நாலு பேரும் கிறுக்கர்களானால் யாருக்கும் சிரிப்பு வராது.

மூன்றாம் சுற்றில் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் வந்து, மாப்பிள்ளைக் காட்சி நடுவே தரையைத் தட்டித் தூங்கவைத்துவிட்டுப் போனார். மோட்டார்! இருபது நிமிஷத்துக்கு முன் வேறொருவர் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எழுதி வைத்த நாடகத்தில் இப்படி நடிகனுக்கே பரிசு கிடைக்குமா, தெரியவில்லை.

எடிட் இன்னும் லேட்.

நவம்பர் 20

“ஒரு சொல் சொல்லுங்க” என்று கூட்டத்தைக் கேட்டால் பிரியாணி, இல்லாவிட்டால் நடிகர் பெயர். நடிகர் பெயர் வந்ததும் எங்களில் ஒருவர் மிமிக்ரிக்குப் போய்விடுவார். கைதட்டல் கிடைக்கும், காட்சி கிடைக்காது. கேட்கிற கேள்வியை மாற்றணும்: “கடைசியாக எதைத் தொலைச்சீங்க?” “வீட்டுல தூக்கிப் போட மனசு வராத பொருள் எது?” முதலில் காதில் விழுந்ததை எடுத்துக்கொள்வது. பொறுக்கி எடுத்தால் ஏற்பாடு செய்தது என்று நினைப்பார்கள்.

நவம்பர் 23

வெட்டினான்! கீபோர்டு தம்பி, ஸ்டூலிலிருந்து எழுந்து ஓடி, கடலூர் சாரை, சரியாகச் சிரிப்பு ஏறும்போது. சார் அவன் முதுகில் போட்ட அடி வாசல்வரை கேட்டிருக்கும்.

நவம்பர் 26

கடலில் தாழ்வு மண்டலம். முப்பதாம் தேதி சனிக்கிழமை நம் ஷோ.

மைக் யோசனை. மழை பெய்தால் மைக் இல்லாமல் முடியாது. கை மைக் கொடுத்தால் ஒரு கை போச்சு, டம்ளரும் போச்சு. மேடை முன்னால் இரண்டு ஸ்டாண்டு மைக் வைத்தால் எல்லோரும் அதன் முன் பட்டிமன்றம் மாதிரி வரிசையாக நின்றுவிடுவார்கள். தலையில் மாட்டுகிற மைக் இரண்டுதான் கிடைக்கும், ஆட்கள் ஆறு. மேலே தொங்கவிட்டால் தகரத்தின் சத்தத்தைத்தான் பிடிக்கும். நாற்காலிகளை மேடைக்கு ஒட்டிப் போட்டு, பார்க்க வருகிறவர்களை ஐம்பதோடு நிறுத்தினால்?

நவம்பர் 28

புயலாகும் என்கிறார்கள், ஆகாது என்கிறார்கள். கடலூர் சார் பஸ் ஓடினால் வருவேன் என்கிறார். அக்கா ஔ-வுக்கு “ஔடதம்” கண்டுபிடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் காட்சிக்கு ஆகும். நிலாவுக்கு?

நவம்பர் 29, வெள்ளி

புயலாகிவிட்டது, பெயர் ஃபெஞ்சல். நாளை எங்கள் பக்கமே கரையேறுமாம். ஷோ தள்ளியாயிற்று, தேதி இல்லை.

வீடியோ காலில் ஒத்திகை பார்த்தோம். குரல் அரை நொடி தாமதமாக வருகிறது, அதனால் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் விழுகிறோம். ஒன்று முதல் இருபது மூன்றைத் தாண்டவில்லை. முறை வைத்து ஆடுகிற அகர வரிசை மட்டும் தேறியது.

புதுத் தேதியிலும் கரன்ட் வராவிட்டால், கடைசிச் சிரிப்பில் விளக்கை அணைத்து முடிப்பது எப்படி? டார்ச் வைத்து ஆடி அதை அணைக்கலாம். பகலில் ஆடினால் அதுவும் முடியாது. ஓரத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கைதட்டி முடிக்கணும், ஆனால் முதல் தட்டு யாருடையது என்று