கழற்றிப் பூட்டிய கார்

கனவுக் கார் என்று பேச்சு வந்தால் போதும், பூஜ்ஜியத்திலிருந்து நூறை எத்தனை நொடியில் தொடும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு வேலைக்குப் போகிற எனக்கு அந்தக் கணக்கு எதற்கு? கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தைப் பார்த்து வரிசை கட்டிவிட்டால் இருபதைத் தொடுவதே பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஒரு நல்ல சாமானைக் கழற்றி ஒரே வண்டியாகப் பூட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், என் பட்டியல் தயார். என்ஜின் அதில் கடைசியில்தான் வரும்.

முதலில் தகடு. நைனா ராயபுரத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறக்க மாட்டார், கதவின் அடிப்பக்கத்தை விரலால் தட்டுவார். 'டங்' என்றால் தகடு, 'டொக்' என்றால் ஓட்டையை மூடிப் பூசிய பட்டி. எங்கள் பக்கத்தில் வண்டி ஓடித் தேய்வதைவிட, உப்புக் காற்றில் நின்று துருப்பிடிப்பதுதான் அதிகம். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையில் மண் அடைத்துக்கொண்டால் முடிந்தது கதை. அதனால் பாடி போர்ஷேயிடமிருந்து. 1970-களிலேயே 911 மாடல் காருக்குத் துத்தநாகம் பூசிய தகட்டைப் போட ஆரம்பித்தவர்கள் அவர்கள். ஆடியும் 1986-ல் 'ஆடி 80' என்ற மாடலுக்கு முழு பாடியையும் அப்படிச் செய்தது. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், சுற்றியிருக்கும் துத்தநாகம் முந்திக்கொண்டு தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். நைனா இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பாரா, பிழைப்பு போச்சே என்றிருப்பாரா என்பது வேறு விஷயம்.

அடுத்தது குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. 1955-ல் பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோயென் டிஎஸ். சுருள் கம்பிக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்பு உருண்டை. உள்ளே ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, இன்னொரு பக்கம் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய். பின்னால் எவ்வளவு சுமை ஏற்றினாலும் வண்டி குந்தாது. உள்ளே ஒரு லீவரைத் தள்ளினால் மொத்த வண்டியும் மெல்ல எழுந்து நிற்கும். 1962-ல் பிரெஞ்சு அதிபர் தெகோலைச் சுட முயன்றபோது, டயர் பஞ்சரான டிஎஸ்ஸை டிரைவர் நிறுத்தாமல் ஓட்டித் தப்பினார். எனக்குச் சுட வருகிறவர்கள் யாரும் இல்லை, எண்ணூர் நெடுஞ்சாலைப் பள்ளங்கள்தான்.

மழைக்காலத்துக்கு வண்டியைத் தூக்கினால் மட்டும் போதாது. என்ஜின் காற்று இழுக்கும் வாயும் உயரத்தில் இருக்க வேண்டும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், செலவு பட்டறையோடு நிற்காது. ஆகவே அந்த அமைப்பு லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலிருந்து. 900 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்கிறார்கள். அதற்காக மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் இறக்குவேன் என்று அர்த்தமில்லை.

ஸ்டீயரிங் லண்டன் டாக்சியிலிருந்து. சின்ன வட்டத்துக்குள் ஒரே வளைப்பில் திரும்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் அந்தச் சட்டம் இங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றும். கூரையில் பின்சீட்டுக்காரர்களுக்குக் காற்று விடும் ஏசி இன்னோவாவிலிருந்து. கதவுக்குள் குடை செருகும் இடம் ஸ்கோடா சூப்பர்பிலிருந்து. ஈரக் குடையின் தண்ணீர் அதுவே வடிந்துவிடும்.

சீட்டு அம்பாசிடருடையது. அம்மாவுக்கு மூட்டு வலி, இப்போதைய கார்களில் இறங்கி உட்கார்ந்து ஏறி எழ வேண்டியிருக்கிறது. அம்பாசிடரில் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம். முன்னால் நீள சீட்டும், ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும் கை கியரும் வேண்டும் என்றேன். தம்பி ஒரே பிடியாக மறுத்துவிட்டான், நடுவில் உட்காருகிறவருக்கு ஏர்பேக் எங்கே வைப்பது என்று. அவன் சொல்வது சரிதான், விட்டுக்கொடுத்தேன். பெல்ட்டை மட்டும் யாரிடமும் கழற்ற வேண்டியதில்லை. வால்வோவின் நில்ஸ் போலின் 1959-ல் செய்த மூன்று முனை பெல்ட்டின் காப்புரிமையை, எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று கம்பெனியே திறந்துவிட்டது.

இதையெல்லாம் எங்கே பூட்டுவது? எண்ணூரில்தான். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அங்கே முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 கார். லேலண்ட் லாரி அப்புறம் வந்தது. டயருக்கும் தூரம் போக வேண்டாம். திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த எம்ஆர்எஃப் இருக்கிறது.

கடைசியில் என்ஜின். டொயோட்டா ஹைபிரிட், அதாவது பெட்ரோல் என்ஜினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்தது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது பெட்ரோல் என்ஜின் பெரும்பாலும் அணைந்தே இருக்கும், பிரேக் பிடிக்கிற சக்தியும் பேட்டரிக்குப் போகும். இங்கேதான் சிக்கல். ஹோண்டா ஜாஸின் பின்சீட்டும் எனக்கு வேண்டும். அதன் அடிப்பலகையைச் சினிமா கொட்டகை நாற்காலி மாதிரி மேலே மடக்கினால், அம்மாவின் வாக்கரை நின்றபடியே ஏற்றலாம். பெட்ரோல் டாங்கை முன்சீட்டுக்கு அடியில் தள்ளியதால் கிடைத்த இடம் அது. அப்போது பின்சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய ஹைபிரிட் பேட்டரி எங்கே போகும்? ஒரு நல்ல சாமான் இன்னொன்றின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. யாரும் இலவசமாக எழுந்து இடம் தருவதில்லை.

"டிக்கியில வை அக்கா" என்றான் தம்பி. ஹோண்டா சிட்டி ஹைபிரிடில் அப்படித்தான் வைத்தார்கள், 506 லிட்டர் டிக்கி 306 ஆனது. காசிமேட்டிலிருந்து வாங்கி வரும் மீனை மடியிலா வைத்துக்கொள்வது என்று கேட்டேன்.

"மேல கேரியர் போட்டுக்கோ."

சரி, அம்பாசிடரில் சீட்டைக் கழற்றும்போது அதன் கேரியரையும் சேர்த்துக் கழற்ற வேண்டியதுதான்.