பையிலிருந்து வெளியே எடுத்தவை

ஜூலை 24, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

மகள் பக்கத்திலிருக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்குப் போகிறாள். மஃபாத் மலைப்பள்ளத்தில் மூன்று நாள் நடை. துணைக்குத் தோழியும் அவளுடைய அக்காவும். மகளுக்குப் பதினேழு வயது. விமானத்தில் முக்கால் மணி நேரந்தான் என்பதால் போர்ட் லூயிக்குப் போய்வருவதுபோல் பேசுகிறாள். ஆடியில் பயணமா என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். எனக்கு ஆடி பற்றிக் கவலையில்லை. மஃபாத்துக்குள் சாலையே கிடையாது: நடக்க வேண்டும், அல்லது ஹெலிகாப்டர் வர வேண்டும்.

ஜூலை 26

பையை நிறுத்தோம். பதினான்கு கிலோ! அவளே ஐம்பதுதான். எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். வெளியே போனவை: இரண்டு ஜீன்ஸ் (நனைந்தால் லேசில் காயாது), முடி உலர்த்தும் கருவி, குடை, நான் திணித்த பிஸ்கட் டப்பா. உள்ளே வந்தவை: மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, விசில், கொப்புளத்துக்கு பிளாஸ்டர், தலையில் மாட்டும் விளக்கு. இப்போது அங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மலைப்பாதையில் கைபேசி வெளிச்சத்தை நம்ப முடியாது. புதுச் செருப்புப் பெட்டியோடு நின்றவளைப் பழைய பூட்ஸையே போடச் சொன்னேன். ஒன்பது கிலோவுக்கு வந்தது. எட்டாக்கியிருக்கலாம், ஆனால் ஒப்பனைப் பைக்காகவும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஜூலை 28

நம் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, ஆனால் ரியூனியனில் யூரோதான் செல்லும். மஃபாத்தில் ஏடிஎம் இல்லை. ரொக்கத்தை மூன்று இடமாகப் பிரித்து வைத்தோம். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பையில் கூடாது. நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் வாங்கியாயிற்று. காப்பீடு எதற்கு என்றார் கணவர். கால் முறிந்தால் பிரான்ஸ் விலையில் பில் வரும் என்றேன். மறுபேச்சில்லை. பாஸ்போர்ட் நகல் ஒன்று தோழியிடம், ஒன்று என்னிடம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வைத்தேன்.

ஜூலை 29

பைக்குள் கறிவேப்பிலை வாசம். மாமியாரின் கைவேலை, செயின்ட் ஆந்த்ரேயில் இருக்கும் தம் ஒன்றுவிட்ட தங்கைக்காம். செடி, இலை, பழம் எதையும் அப்படிக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று எடுத்துவிட்டேன். கறிவேப்பிலைக்கு இங்கே கிரியோல் பேச்சுமொழியில் கரிபுலே, அங்கே கலுபிலே. பெயர் மட்டும் எந்தச் சோதனையுமின்றிக் கடலைத் தாண்டியிருக்கிறது.

ஜூலை 30

விமான நிலையத்தில் கடைசியாக இரண்டு சொன்னேன். நம் கடற்கரை என்று நினைத்துக் கண்ட இடத்தில் இறங்காதே. சுறாத் தாக்குதல்களால் 2013 முதல் அங்கே பல இடங்களில் குளிக்கத் தடை. ஆபத்தென்றால் 112. எந்த இரவு எந்த விடுதி என்ற தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. மலையில் சிக்னல் போய்ப்போய் வரும் என்பதால், மறுநாள் மாலைவரை செய்தி இல்லாவிட்டாலும் பதறமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 1

நேற்று மதியத்திலிருந்து செய்தி இல்லை. குளிர்பெட்டியை ஐந்து முறை திறந்தேன், எதற்கென்று தெரியாமல்.

மாலை 5.40: "லா நூவெல் வந்துவிட்டோம். ஒரே மழை. அக்கா ஜீன்ஸில் வந்தாள், பாவம். விடுதியில் கோழிக்கறி, கலுபிலே போட்டது. பாட்டியிடம் சொல்."

சொன்னேன். "நான் கொடுத்தது மட்டும் ஆகாதாக்கும்" என்றார்.