நீலகிரி மலை ரயில் எஞ்சின் மாதிரி: அடிச்சட்டம் முதல் வண்ணப்பூச்சு வரை

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினை 1:22.5 அளவில் வீட்டிலேயே கட்டி வருகிறேன். அது மீட்டர் கேஜ் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள 1000 மி.மீ. அகலத்தை 22.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 44.4 மி.மீ. வருகிறது. தோட்ட ரயில் மாதிரிகளுக்கென்று விற்கப்படும் 45 மி.மீ. தண்டவாளம் இதற்குப் பொருந்திவிடுவதால், பாதையைத் தனியாகச் செய்யும் வேலை மிச்சமாயிற்று.

ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்ட இந்த எஞ்சின்களில் கடைசித் தொகுதி 1952-ஐச் சேர்ந்தது. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் இதே வகையில் புதிய எஞ்சின்கள் கட்டப்பட்டன. இவற்றை மற்ற நீராவி எஞ்சின்களிலிருந்து பிரித்துக் காட்டுவது, பக்கத்துக்கு இரண்டாக ஒன்றன்மேல் ஒன்று அமைந்த சிலிண்டர்கள்தாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமதளத்தில் ஓடும்போது கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட ஏற்றத்தில், கீழ்ச் சிலிண்டர்களில் வேலை முடித்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டர்களுக்குள் சென்று, தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்சட்டத்தை, அதாவது பல் வெட்டிய சட்டத்தை, பற்றி ஏறும் பற்சக்கரங்களை இயக்குகிறது. உடல் எவ்வளவு அழகாக அமைந்தாலும் இந்த இரட்டை இயக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதை எக்ஸ் வகை மாதிரி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே வேலையை அடிச்சட்டத்திலிருந்து தொடங்கினேன்.

அடிச்சட்டம் 2 மி.மீ. பித்தளைத் தகட்டில் அறுத்தது. சக்கரங்களை ஒரு கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கினேன். நான்கு அச்சுகள் இணைப்புத் தண்டால் பிணைக்கப்பட்டிருப்பதால், எல்லா அச்சுகளிலும் அந்தத் தண்டு மாட்டப்படும் இடப்பக்க முளையும் வலப்பக்க முளையும் ஒன்றுக்கொன்று சரியாக ஒரே கோணத்தில், அதாவது 90 பாகையில், நிற்க வேண்டும். ஓர் அச்சு மட்டும் இம்மியளவு பிசகினாலும் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இறுகி நிற்கும். இதற்காகத் தடித்த அக்ரிலிக் பலகை இரண்டில் அச்சுக்கும் முளைக்கும் காடி வெட்டி ஒரு தாங்கி செய்துகொண்டேன். அச்சின் இரு முனைகளையும் அதில் அமர்த்தி, முளைகள் காடியின் ஓரத்தைத் தொடும்படி வைத்து, சக்கரத்துக்குள் பிசின் இறுகும் வரை அசைக்காமல் விட்டால், நான்கு அச்சுகளும் ஒரே கோணத்தில் அமைந்துவிடுகின்றன. இணைப்புத் தண்டின் துளைகளை முளையைவிட நூலளவு பெரிதாக வைத்துக்கொள்வதும் அவசியம்.

மேல் சிலிண்டரின் தண்டுகள் பற்சக்கரத்தோடு நேராக இணையாமல் இடைப் பல்லிணைப்பு ஒன்றின் வழியாக இணைவதால், அவை கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையிலும், அவற்றைவிட வேகமாகவும் சுழலும். அந்த ஏற்றத்தில் ரயிலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி மறக்காது. மாதிரியில் இதற்கென்று ஒரு சிறு கியர் மோட்டாரைப் பொருத்தியிருக்கிறேன். ஏற்றத்தில் உண்மை ரயிலின் வேகம் மணிக்கு 13 கி.மீ. என்பதால், இந்த அளவில் அது நொடிக்கு 16 செ.மீ. ஆகிறது, மோட்டாரின் சுற்று வேகத்தை அதற்கேற்பவே தேர்ந்தேன். பற்சட்டம் ஆப்ட் முறையைச் சேர்ந்தது: பக்கத்தில் பக்கமாக இரண்டு சட்டங்கள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதின் பள்ளம் வரும். அரைப் பல் தள்ளி அமைந்திருப்பதால் பிடி எந்த நேரத்திலும் விடுவதில்லை. லேசர் வெட்டுக் கடையில் அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டிய பிறகுதான் இந்த ஏற்பாட்டின் நுட்பம் கையில் புரிந்தது.

உடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொதிகலன் பி.வி.சி. குழாய், பக்கத் தண்ணீர்த் தொட்டிகளும் ஓட்டுநர் அறையும் மெல்லிய பித்தளைத் தகடு. ரிவெட் தலைகளை மட்டும், தகட்டின் பின்புறம் மழுங்கிய ஊசியால் வரிசை வரிசையாக அழுத்தி எழுப்பினேன்.

வண்ணப்பூச்சுக்குத்தான் மிகுந்த பொறுமை தேவைப்படுகிறது. பற்றவைப்பின் பிசுக்கு பித்தளையில் மிச்சமிருந்தால் வண்ணம் சில வாரங்களில் உரிந்துவிடும் என்பதால், எலுமிச்சைச் சாறும் சோப்புத் தண்ணீரும் கொண்டு பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, அதன் பிறகு விரல் படாமல் பார்த்துக்கொள்கிறேன். பித்தளைக்கு உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் ப்ரைமர், பி.வி.சி. குழாய்க்குப் பிளாஸ்டிக் ப்ரைமர் என இரண்டும் தனித்தனியே வேண்டும். அடைமழை நாட்களில் வண்ணம் தெளிக்கும் ஏர் பிரஷைத் தொடுவதே இல்லை. வண்ணத்தை நீர்க்கச் செய்யும் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கருப்புப் பூச்சின்மேல் வெண்படலம் கட்டிவிடும்.

இந்த எஞ்சின்கள் வெவ்வேறு காலங்களில் கருப்பிலும் நீலத்திலும் ஓடியிருக்கின்றன. தண்டுகளின் உலோகப் பளபளப்பு எடுத்துத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கருப்பைத் தேர்ந்தேன். தூய கருப்பு சிறிய மாதிரியில் வடிவங்களை விழுங்கிவிடுகிறது; அதனால் சாம்பலும் ஒரு துளி பழுப்பும் கலக்கிறேன். கொதிகலனின் முன்னால் உள்ள புகைப்பெட்டிக்குப் பளபளப்பே இல்லாத பூச்சு, கொதிகலனுக்கு மிதமான பளபளப்பு, எஞ்சினின் முன்முனையில் குறுக்காக உள்ள முன்கட்டைக்குச் சிவப்பு என்று பிரித்துக்கொண்டதில், ஒரே கருப்புக்குள்ளும் பகுதிகள் தனித்துத் தெரிகின்றன. பூச்சு மெல்லியதாக இருந்தால்தான் ரிவெட் தலைகள் மூழ்காமல் நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்க்கிறேன். இணைப்புத் தண்டுகளுக்கு வண்ணமே இல்லை; மெருகேற்றி எண்ணெய் தடவியதோடு சரி.

அடுத்து, 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற உண்மைச் சரிவிலேயே, மீட்டருக்கு 8.3 செ.மீ. உயரும்படி இரண்டு மீட்டர் நீளப் பலகை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். நீலகிரியில் ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து தள்ளுவது வழக்கம். ஆகவே சோதனையிலும் ஒரு பெட்டியை முன்னே வைத்துத் தள்ளித்தான் பார்க்கப் போகிறேன். பற்சட்டம் தொடங்கும் இடத்தில் பல்லும் பல்லும் முட்டாமல் சேர, நீலகிரிப் பாதையில் உள்ளதைப் போலவே முதல் துண்டைச் சுருள்வில்லின் மேல் அமைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஏற்ற மென்மையான சுருள்வில்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.