ஏதென்ஸின் பளிங்குக் கணக்குப் பலகை

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் முன்வாசலில் வரிசை நீண்டுகிடக்க, அதே கட்டடத்தின் தெற்குப் பகுதியில், தோசிட்சா தெருவில் இருக்கும் கல்வெட்டு அருங்காட்சியகத்துக்குள் நுழைய எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஏறத்தாழ 14,000 கல்வெட்டுகள் உள்ள அவ்விடத்தில் நான் தேடிச் சென்றது, 1846இல் சலாமிஸ் தீவில் கிடைத்த வெள்ளைப் பளிங்குப் பலகை ஒன்றை.

ஏறக்குறைய 150 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், குறுக்கே உடைந்து இரண்டு துண்டாகியிருக்கிறது. மேற்பரப்பின் ஒரு பாதியில் 11 இணைகோடுகள், மறுபாதியில் 5. பதினொன்றில் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது கோடுகளை நடுவில் ஒரு குறுக்குக்கோடு வெட்டும் இடங்களில் சிறு பெருக்கல் குறிகள் உள்ளன. நம் ஊர் அபாகஸ் வகுப்புகளில் பிள்ளைகள் விரலோட்டும் மணிச்சட்டத்தின் முன்னோடி இது என்று சொன்னால் சட்டென்று நம்ப முடியாது. இதில் மணியும் இல்லை, கம்பியும் இல்லை. கோடுகளின் மேல் கூழாங்கற்களை வைத்து நகர்த்தியிருக்கிறார்கள்.

இதை விளையாட்டுப் பலகை என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் பலகையின் மூன்று ஓரங்களிலும் தாலந்து, திராக்மா, ஒபோல் என்னும் பணக்குறியீடுகளே வெட்டப்பட்டுள்ளன. ஒரு தாலந்து 6,000 திராக்மா. ஒரு திராக்மா 6 ஒபோல். ஒரு ஒபோல் 8 கால்கஸ். இந்த ஏறுமாறான அளவுகளை மனத்தில் வைத்துக் கூட்டிக் கழிப்பவருக்குப் பலகை இல்லாமல் முடியுமா?

கி.மு. 415இல் 60 கப்பல்களுக்கு ஒரு மாதச் சம்பளமாக 60 தாலந்து வெள்ளி ஏதென்ஸுக்கு வந்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். கப்பலுக்கு 200 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா என்று கொண்டு, ஒரு கப்பலின் கணக்கை அந்தக் கண்ணாடித் தடுப்பின் முன் நின்றே மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். நூறு திராக்மா இடத்தில் இரண்டு கற்கள், மும்மடங்காக்கினால் ஆறு, பத்து மடங்குக்காக அந்த ஆறையும் ஆயிரத்தின் இடத்துக்குத் தள்ளினால் முப்பது நாள் சம்பளம். பிறகு ஆறையும் எடுத்துவிட்டுத் தாலந்து இடத்தில் ஒரே ஒரு கல்லை வைத்தால் போதும்.

கல் அதே கல்தான், இருக்கும் இடம்தான் மதிப்பு. அரசவையினரைக் கணக்குப் பலகையின் கற்களுக்கு ஒப்பிட்ட இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், கணக்கிடுபவன் நினைத்தால் அவர்கள் ஒரு கால்கஸ், நினைத்தால் ஒரு தாலந்து என்றார். வித்தியாசம் 2,88,000 மடங்கு!

ஆனால் நான்கு பேர் சேராமல் அசைக்க முடியாத இந்தப் பளிங்கைச் சந்தைக்கு யார் தூக்கிப் போவது? ரோமானியர் வெண்கலத் தகட்டில் காடிகள் வெட்டி, நகரும் குமிழ்களைப் பொருத்தி, கைக்குள் அடங்கும் கருவி செய்தார்கள். அதன் முதன்மைக் காடிகளில் மேலே 1, கீழே 4 குமிழ்கள். சீன மணிச்சட்டமான சுவான்பானில் மேலே 2, கீழே 5 மணிகள். அதிலிருந்து வளர்ந்த ஜப்பானியச் சொரோபான், இருபதாம் நூற்றாண்டில் அதே 1, 4 அமைப்புக்கு வந்து சேர்ந்தது.