எத்தனை மணி நிலவரம்?

எங்க ஃபேக்டரில விபத்து நடந்த அன்னைக்கு சாயங்காலம் அவன் போன்ல கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, அடிபட்டது ஒருத்தரா ரெண்டு பேரா?"

"கம்பெனி தரப்புல உறுதி செஞ்சது ஒருத்தர்தாம்ல."

இதுல பொய் இல்ல, அத முதல்லயே சொல்லிருதேன். ரெண்டு ஆம்புலன்ஸ் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனத கேட்கிட்ட நின்னு பார்த்தவன்தான் நானு, ஆனா எச்ஆர் மெயில்ல ஒரு பேருதான் இருந்துச்சு, ஏன்னா இன்னொருத்தர் காண்ட்ராக்ட் ஆளு, நம்ம சம்பளப் பட்டியல்ல வரமாட்டாரு. நான் கம்பெனி பிஆர்ஓ, பத்திரிகைக்காரங்ககிட்ட பேசுத ஆளு; மெயில்ல உள்ளதத்தான் நான் வெளிய சொல்லலாம், அதுக்குத்தான் சம்பளம். அப்ப இருந்த 1948 ஃபேக்டரி சட்டப்படி காண்ட்ராக்டர் மூலமா வந்தவரும் தொழிலாளிதான். அது எனக்குத் தெரியாதா, டிவில இருந்தப்ப இதே பாயிண்ட்ட வச்சு எத்தன ஸ்டோரி பண்ணிருப்பேன்.

அவன் அப்ப எனக்கு கேமரா தூக்குனவன். 2023 டிசம்பர்ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன அந்த மழையில, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட 800 பேர் மாட்டிக்கிட்டப்ப, ஒரு அதிகாரி "உறுதி செய்யப்பட்ட தகவல் இன்னும் வரல"ன்னு சொன்னதுக்கு லைவ்லயே அவர கிழிச்சேன். இவன் இடுப்பளவு தண்ணில கேமராவத் தலைக்கு மேல புடிச்சிக்கிட்டு நின்னான், சிரிச்சான் வேற.

இப்ப அவன் ஸ்ட்ரிங்கர். செய்திக்கு இவ்வளவுன்னு காசு. அன்னைக்கு ஒருத்தர்னு ஸ்க்ரோல் போச்சு, மறுநாள் பேப்பர்ல ரெண்டு பேர்னு வந்துச்சு, டெஸ்க்ல அவன வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாவ. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கலாம்லா அவன், அங்க இருந்து எவ்வளவு தூரம்? இதத்தான் ராத்திரி எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். வேற எந்த பிஆர்ஓ சொல்லிருந்தாலும் போயிருப்பான். நாஞ் சொன்னதால போகல.

எனக்கு பழைய பிஆர்ஓ ஒருத்தர் இருந்தாரு, அதிகாரப்பூர்வமா ஒண்ணும் சொல்லமாட்டாரு, ஆனா போன வைக்கதுக்கு முந்தி "ஆஸ்பத்திரி பக்கம் போனியளா"ன்னு சும்மா கேக்க மாதிரி கேப்பாரு. என்னோட பிரேக்கிங்ல பாதி அந்த மாதிரி வந்ததுதான். ரெண்டு வார்த்த, எந்த லீகலும் கண்டுபுடிக்க முடியாது. எனக்கு அது அந்த நேரம் ஞாபகம் வரலன்னு சொல்லலாம். வந்துச்சு. வாய்வரைக்கும் வந்துச்சு, பக்கத்துல மேனேஜர் நின்னாரு, இல்ல அவரு அப்பவே நகந்துட்டாரோ, அதான் இப்ப சரியா நினைவில்ல. வீட்டு லோன நினைச்சேன்னு சொன்னா நியாயமா இருக்கும், ஆனா அப்ப லோனும் நினைவுல இல்ல, அந்த வரி நல்லா அமைஞ்சிருக்குன்னுதான் தோணுச்சு.

அவன் சண்ட போடல. இப்பவும் அண்ணாச்சிதான், வீட்ல மதினி சொகமான்னுதான் ஆரம்பிப்பான். போன மாசம் எங்க கம்பெனி ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நோட்டு குடுத்த செய்திக்குப் போன் போட்டேன். எத்தன பிள்ளைங்கன்னு கேட்டான். இருநூறுன்னேன். கொஞ்சம் சும்மா இருந்துட்டு, "இது எத்தன மணி நிலவரம் அண்ணாச்சி?"ன்னான்.

நான் கடிகாரத்தப் பாத்து, பதினொண்ணே கால்னு சொன்னேன். அவன் எழுதிக்கிட்டான்.