ஏழு மணிக்கு மேல் மட்டும் படுத்துக்கொண்ட லிங்க்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலைக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன், பெயர் வேண்டாம். ஆபீஸ் கட்டடத்தில் மெயின் நெட்வொர்க் ஸ்விட்ச். அங்கிருந்து கம்பத்தில் ஏறி, மில்லைச் சுற்றிக்கொண்டு சுமார் 700 மீட்டர் தள்ளி இருக்கும் பேக்கிங் குடோனுக்கு ஒரு சிங்கிள் மோட் ஃபைபர் கேபிள் போகிறது, போக ஒரு கண்ணாடி இழை, வர ஒரு இழை, தகவல் வெளிச்சமாக ஓடும். இரண்டு முனையிலும் 10ஜி எல்ஆர் எஸ்எஃப்பி ப்ளஸ், அதாவது ஸ்விட்சில் செருகும் சின்னப் பெட்டி, மின் சிக்னலை வெளிச்சமாக மாற்றி அனுப்பும், வரும் வெளிச்சத்தைத் திருப்பி மாற்றும். நாலு வருடம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத லிங்க் அது. போன ஆடியில் ஒரு நாள் இரவு எட்டரைக்கு குடோன் சூப்பர்வைசர் போன் செய்தார். "ஏனுங்க தம்பி, லேபிள் பிரிண்ட் ஆக மாட்டேங்குது, வெளிய ரெண்டு லாரி நிக்குது. சித்த பாருங்க."

ஆபீஸ் பக்க ஸ்விட்சில் நுழைந்து பார்த்தால் அந்த போர்ட் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. மறுநாள் காலை நேரில் போனால் ஒன்றுமே இல்லை, பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது. இப்படியே பத்து நாள் ஓடியது.

இதில் நான் செய்த முட்டாள்தனங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் குடோன் பக்க எஸ்எஃப்பியை மாற்றினேன். இரவு மறுபடி போன். இரண்டாம் நாள் ஆபீஸ் பக்க எஸ்எஃப்பியையும், அதைக் கேபிளோடு இணைக்கும் குட்டை ஃபைபர் வயரான பேட்ச் கார்டையும் புதிதாகப் போட்டேன், மறுபடி போன். மூன்றாவதாக வாங்கிய எஸ்எஃப்பியைக் குடோனில் செருகினால் லிங்க் வரவே இல்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் கொக்கியின் நிறத்தைப் பார்த்தேன். எல்ஆருக்கு நீலம் இருக்க வேண்டும், இதில் கறுப்பு. கடையில் எஸ்ஆரை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், நானும் லேபிளைப் படிக்காமல் வாங்கி வந்திருக்கிறேன். எஸ்ஆர் 850 நானோமீட்டர், மல்டிமோடுக்கானது. எல்ஆர் 1310, சிங்கிள் மோட். எதிரும் புதிருமாக இவை பேசிக்கொள்ளாது. அதைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள், அது தனிக் கதை.

இதற்குள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மில் ஐடி பொறுப்பாளருக்கு எட்டு மணி பேக்கப் மேல் சந்தேகம், லோடு தாங்காமல் விழுகிறது என்றார். பேக்கப்பைப் பதினொன்றுக்குத் தள்ளி வைத்தோம், லிங்க் அன்றும் ஏழு மணி வாக்கிலேயே விழுந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன், "ஆடிக் காத்துக்குக் கம்பத்துல கேபிள் தூரி ஆடுதுங்க, உள்ள அந்துருக்கும்" என்றார். அந்தக் காற்றைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே படும். கேபிள் ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முழு நீளத்துக்கும் புதுக் கேபிள் இழுக்கக் கொட்டேஷனே கொடுத்துவிட்டார்.

கொட்டேஷன் தொகையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. எஸ்எஃப்பிக்கு உள்ளேயே ஒரு மீட்டர் இருக்கிறது, அதைப் பத்து நாளாக ஒழுங்காகப் படிக்கவே இல்லை. ஸ்விட்சில் டிரான்ஸீவர் விவரத்தைக் கேட்டால் வெப்பநிலை, வோல்டேஜ், பயாஸ் கரண்ட், அனுப்பும் பவர், வாங்கும் பவர் என்று ஐந்தும் வரும். கடைசி இரண்டுதான் நமக்கு முக்கியம். அளவு டிபிஎம்மில் இருக்கும். 0 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட், மைனஸ் 10 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, 3 டிபி குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். எல்ஆருக்கு வாங்கும் பவர் மைனஸ் 14.4க்குக் கீழே போகக் கூடாது. மைனஸ் 40 என்று காட்டினால் வெளிச்சமே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, இந்த எண்களில் 3 டிபி வரை கூடக் குறைய இருக்க ஸ்டாண்டர்டே இடம் கொடுக்கிறது. அதனால் அரை டிபி, ஒரு டிபி வித்தியாசத்துக்கெல்லாம் மெனக்கெட வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 700 மீட்டருக்கு ஃபைபரில் கால் டிபிதான் போகும். கேபிள் வந்து முடியும் இரண்டு எல்ஐயூ பெட்டியிலும் சேர்த்துக் கனெக்டர், ஜாயின்ட் எல்லாவற்றுக்கும் தாராளமாக இரண்டரை, மூன்று டிபி வைக்கலாம். எஸ்எஃப்பி மைனஸ் 2ல் அனுப்புகிறது என்றால் எதிர் முனையில் மைனஸ் 5 பக்கம் வர வேண்டும். ஆபீஸ் பக்கம் வாங்குவது மைனஸ் 5.1, கச்சிதம். குடோன் பக்கம் வாங்குவது மைனஸ் 8.7. அதுவும் லிங்க் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பகல் நேரத்தில்.

பத்து நாளாகக் கண் முன்னால் இருந்த எண். ஆபீஸிலிருந்து குடோனுக்குப் போகும் ஒரு திசையில் மட்டும்தான் வெளிச்சம் குறைகிறது. 10ஜியில் ஒரு பக்கம் வெளிச்சம் கெட்டால் அந்தப் பக்கம் எதிர்முனைக்கும் ஃபால்ட் சிக்னல் அனுப்பும், இரண்டு பக்கமும் சேர்ந்தே டவுன் ஆகும். அதனால் விளக்கைப் பார்த்து எந்தத் திசை கெட்டது என்று சொல்ல முடியாது, எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, கெட்டது கம்பத்துக் கேபிளா, பேட்ச் கார்டா? இதற்கு ஃபைபரில் எங்கே கோளாறு என்று தேடும் ஓடிடிஆர் மீட்டர் எல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் எல்ஐயூவில் மட்டும் கேபிளின் இழைகளை இடம் மாற்றிச் செருகினேன், அதாவது நடுவில் இருக்கும் இரண்டு இழைகளும் திசை மாறிவிட்டன, பேட்ச் கார்டுகள் அப்படியே இருக்கின்றன. கேபிளில் கோளாறு என்றால் இப்போது குறைவு ஆபீஸ் பக்கத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. குடோனில் மைனஸ் 8.9. கேபிள் சுத்தம். ஆபீஸ் பக்கப் பேட்ச் கார்டு புதுசு. மிச்சம் இருப்பது குடோன் ரேக்குக்குள் இருக்கும் மஞ்சள் கார்டு ஒன்றுதான், அதை மட்டும் நான் மாற்றவே இல்லை.

அதைக் கழற்றும்போது பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் அண்ணன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "வெளிச்சமே வரலைங்களே" என்றார். பதறிப்போய்க் கையைத் தட்டிவிட்டேன். 1310 கண்ணுக்குத் தெரியாது, வந்தாலும் தெரியாது, அதனால்தான் பார்க்கவே கூடாது. அவர் சளைக்காமல், "தூசியா இருக்குமுங்க, அன்னைக்குக்கூட நான் துடைச்சுத்தான் சொருகினேன்" என்று சட்டை நுனியைக் காட்டினார். காட்டன் சட்டை, அதுவும் நூற்பாலைக்குள் போட்டுக்கொண்டிருக்கும் காட்டன் சட்டை.

ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் வேலை செய்யும் நண்பனிடம், முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு ஃபைபர் ஸ்கோப்பை இரவல் வாங்கி வந்து பார்த்தேன். கார்டின் எல்சி கனெக்டர் முனையின் நடுவில், சரியாக வெளிச்சம் போகும் கோர் மேலேயே, ஒரு கலங்கலான பட்டை, அதன் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி வளையம். சிங்கிள் மோட் கோர் 9 மைக்ரான். பஞ்சு இழை ஒன்றின் தடிமன் 12 முதல் 20 மைக்ரான் வரும். ஒரே ஒரு இழை குறுக்கே படுத்தால் போதும். அதைவிட வயிற்றெரிச்சல், அந்த அழுக்கு முனையை நான் குடோனில் மாட்டிய ஒவ்வொரு புது எஸ்எஃப்பியிலும் செருகிச் செருகி அவற்றின் வாய்க்குள்ளும் அழுக்கை ஏற்றிவிட்டிருந்தேன். மாற்றிய பிறகும் கோளாறு போகாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துடைப்பானால் ஒரு முறை, அப்புறம் காய்ந்த துடைப்பானால் ஒரு முறை. எஸ்எஃப்பிக்குள்ளும் எல்ஐயூ அடாப்டருக்குள்ளும் ஒன் கிளிக் கிளீனர், எல்சிக்கு 1.25 மில்லிமீட்டர் அளவு. ஸ்கோப்பில் பார்த்தால் பளிங்கு. செருகியதும் மைனஸ் 5.3. அண்ணன் டீ சொன்னார்.

போகும்போது இன்னும் இரண்டு வேலை செய்துவிட்டுப் போனேன். குடோன் ஸ்விட்சின் லாக்கில் 'ரிசீவ் பவர் லோ' அலாரங்கள் வரிசையாக இருந்தன, ஆனால் தேதியெல்லாம் 1993 மார்ச். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபியை யாரும் வைக்கவில்லை, கரண்ட் போய் வந்தால் இந்த வகை ஸ்விட்ச் 1993 மார்ச் 1லிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். எத்தனை மணிக்கு அலாரம் வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போனது இதனால்தான். நேரத்தைச் சரிசெய்தேன். அப்புறம் வாங்கும் பவரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து கிராஃப் போடச் சொல்லிவிட்டேன்.

அன்று இரவு போன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. இத்தோடு விட்டிருப்பேன், கிராஃப்தான் விடவில்லை. பகல் முழுக்க மைனஸ் 5.3ல் நேர்க்கோடு, மாலை 6:50க்குப் படிக்கட்டு இறங்கிய மாதிரி மைனஸ் 12.4, இரவு முழுக்க அங்கேயே. காலை ஒன்பதேகாலுக்கு மறுபடி ஒரே தாவில் மைனஸ் 5.3. மறுநாளும் அச்சு மாறாமல் அதே. அழுக்கு நேரம் பார்த்து வராது. வெப்பம் என்றால் இப்படி ஒரே அடியாக இறங்காது, சாய்வாக இறங்கும். காற்றில் கேபிள் ஆடினால் கோடு நடுங்கும். இது யாரோ சுவிட்சைத் தட்டுகிற மாதிரி இருந்தது. முன்பு அழுக்கு மூன்றரை டிபி தின்றது, இந்த மர்மம் ஏழு டிபி தின்றது, இரண்டும் சேர்ந்து மைனஸ் 16 பக்கம் போய் லிங்க் விழுந்திருக்கிறது. அழுக்கை எடுத்ததால் வரம்புக்கு உள்ளே தப்பித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஆறரைக்கே குடோனில் போய் ஒரு பேல் மேல் உட்கார்ந்துகொண்டேன். லேப்டாப்பில் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாட்ச்மேன் ஐயா டார்ச்சோடு வந்தார், ரேக் கதவைச் சாத்தினார், லேசாக முட்டியது, முழங்காலால் ஒரு அழுத்து அழுத்திப் பூட்டினார். மைனஸ் 12.5.

"ஐயா, இதைத் தினமும் பூட்டுவீங்களா?"

"எலி வந்து வயரக் கடிச்சுப் போடுதுன்னு மேனேஜர் சொன்னாருங்க. ஒரு மாசமா ராத்திரியில பூட்டிருவேன். காத்தால யூபிஎஸ் போட வர்றவங்க தொறப்பாங்க."

ஒரு மாதமாகப் பூட்டுகிறார், பத்து நாளாகத்தான் கோளாறு. அதற்கு முன்னால் அழுக்கு இல்லை, கதவு மட்டும் அழுத்தியதை லிங்க் பொறுத்துக்கொண்டது. சட்டையால் துடைத்த நாளிலிருந்து இரண்டும் சேர்ந்துகொண்டன. நான் ஒவ்வொரு நாளும் பகலில் போய், கதவு திறந்து கிடக்கும்போது சோதித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கதவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். எல்ஐயூவுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான், அதற்கு மூன்று மீட்டர் பேட்ச் கார்டைப் போட்டு, மிச்சத்தைச் சுருட்டி, டேக் போட்டு இறுக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தச் சுருள் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டியிருந்தது. கார்டின் இரண்டு வயர்களில் ஒன்று மட்டும் சட்டத்தின் விளிம்பில் மடிந்து நசுங்கியிருந்தது, அதுதான் குடோனுக்கு வாங்கும் வயர். கார்டை இரண்டு பக்கமும் கழற்றி, ஒரு முனையில் சிவப்பு லேசர் பேனாவைச் செருகிவிட்டு, விளக்கை அணைத்து, கதவை மெல்லச் சாத்தச் சொன்னேன். கதவு முட்டிய இடத்தில் மஞ்சள் உறைக்குள்ளிருந்து சிவப்பாகக் கசிந்தது, பீடி நுனி மாதிரி. வாட்ச்மேன் ஐயா கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார், அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

பையில் ஒரு மீட்டர் கார்டு இருந்தது. ஸ்கோப்பில் பார்த்து, துடைத்து, ஓரமாக ஓட்டி மாட்டினேன். மைனஸ் 4.9. பூட்டினாலும் மைனஸ் 4.9.

மறுநாள் ஆபீஸில், கழற்றி வைத்திருந்த பழைய எல்ஆர்கள் இரண்டையும் சுத்தம் செய்து, ஒவ்வொன்றாக ஸ்விட்சில் போட்டு, அனுப்பும் வாயையும் வாங்கும் வாயையும் ஒரே ஒரு குட்டிக் கார்டால் இணைத்துச் சோதித்தேன். எல்ஆரை இப்படித் தைரியமாகச் செய்யலாம், அது அனுப்பும் உச்ச அளவும் வாங்கத் தாங்கும் உச்ச அளவும் ஒன்றேதான், 0.5 டிபிஎம். 40 கிலோமீட்டர் போகும் இஆரில் இதைச் செய்தால் ரிசீவர் போய்விடலாம், நடுவே வெளிச்சத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வேண்டும். இரண்டுமே மைனஸ் 2 பக்கம் காட்டின. அதில் ஒன்று, முதல் நாள் 'போய்விட்டது' என்று நான் சீட்டு ஒட்டிய எஸ்எஃப்பி.

பில் போடும்போது ஐடி பொறுப்பாளர் கேட்டார், "அப்ப வாங்குன எஸ்எஃப்பிக்கெல்லாம் யாருங்க காசு?" எல்ஆர் இரண்டும் ஸ்பேராக இருக்கட்டும் என்று அவர்கள் கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள். கறுப்புக் கொக்கி எஸ்ஆர் என் பையில்தான் இருக்கிறது, யாருக்காவது மல்டிமோடில் வேலை இருந்தால் சொல்லுங்கள்.